உறைபதன உணவுகளும் அவற்றுக்கேற்ற சிப்பமும்

திருவனந்தபுரம் நகரில் பத்மநாப சுவாமி கோயிலுக்குக் கிழக்கே, பழைய கோட்டை வாயிலை ஒட்டி அமைந்த பகுதி கிழக்கேகோட்டை எனப்படும். நகரப் பேருந்துகள் கூடிப் பிரியும் இந்த இடத்தை அடுத்துச் சாலைக் கடைவீதி தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் நிறுவிய இக்கடைவீதி பலசரக்குக்கும் காய்கறிக்கும் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. அன்றன்று வந்ததை அன்றன்றே விற்பது அக்காலத்து வழக்கம். இன்றோ நகரத்தின் அங்காடிகளில், கண்ணாடி மூடியிட்ட உறைபதனப் பெட்டிகளுக்குள் இறாலும் மீன் துண்டும், பச்சைப் பட்டாணியும் பரோட்டாவும், தேங்காய்த் துருவலும் ஐஸ்கிரீமும் மாதக்கணக்கில் காத்துக்கிடக்கின்றன.

ஒரே பெட்டியில், ஒரே குளிரில் கிடக்கும் இச்சரக்குகள் ஒரே வகையான சிப்பத்தில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. பட்டாணி மெல்லிய பாலிதீன் பையில் இருக்கிறது. மீன் துண்டு காற்று நீக்கிய இறுக்கமான பையில் இருக்கிறது. இறால் மெழுகேற்றிய அட்டைப்பெட்டியிலோ பளபளப்பான பல அடுக்குப் பையிலோ இருக்கிறது. இவ்வேறுபாடு அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. எந்த உணவு எதனால் கெடுகிறது என்பதை அறிந்து, அதனைத் தடுக்கும் சிப்பத்தைத் தேர்ந்தெடுப்பதே இத்துறையின் அடிப்படை விதி. இவ்விதியை அறியாதவர் இரு வகையில் இழப்புக்கு ஆளாவர். தகாத பையில் இட்டு உணவை இழப்பது ஒன்று. தேவையில்லாத விலையுயர்ந்த பையை வாங்கிப் பணத்தை இழப்பது மற்றொன்று. சிறு தொழில் தொடங்கும் மகளிர் குழுக்களுக்கும், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இவ்விரண்டுமே தாங்கொணா நட்டமாகும்.

குளிர் செய்வதும் செய்யாததும்

உறைபதன உணவுக்கு உலக நாடுகள் ஏற்றுக்கொண்டுள்ள சேமிப்பு வெப்பநிலை, பூஜ்யத்திற்குக் கீழே 18 டிகிரி சென்டிகிரேடு, அதாவது −18° செ. ஆகும். ஏறத்தாழ −10° செ. அளவுக்குக் கீழே நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. ஆகவே, முறையாக உறைய வைத்த உணவு அழுகுவதில்லை.

எனினும், அழுகாத உணவு கெடாத உணவு ஆகிவிடாது. நுண்ணுயிர்கள் பெருகாமல் நின்றாலும், அவை இறந்துவிடுவதில்லை. குளிர் நீங்கியதும் மீண்டும் பெருகத் தொடங்கும். அன்றியும், உயிரோடு தொடர்பில்லாத மூன்று செயல்கள் கடுங்குளிரிலும் தொடர்ந்து நடைபெறுகின்றன. உணவிலுள்ள நீர் வெளியேறுவது முதலாவது. வெளியிலுள்ள ஆக்ஸிஜன் உள்ளே புகுந்து கொழுப்பைக் கெடுப்பது இரண்டாவது. கைமாறும்போதும் அடுக்கும்போதும் ஏற்படும் அடியும் கிழிசலும் மூன்றாவது. எது வெளியேறுகிறது, எது உள்ளே புகுகிறது, எது வெளியிலிருந்து தாக்குகிறது என்னும் இம்மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பிறகே பையின் விலையைக் கேட்க வேண்டும்.

பனிக்கட்டியிலிருந்து நீர் போகும் வழி

திறந்த தட்டில் வைத்து உறைய வைத்த மீன் துண்டு சில வாரங்களில் வெளுத்து, வறண்டு, பஞ்சு போல ஆகிவிடுவதைப் பலர் கண்டிருப்பர். தீயால் சுட்ட வடுவைப் போலத் தோன்றுவதால், ஆங்கிலத்தில் இதனை ‘ஃபிரீஸர் பர்ன்’ என்பர். தமிழில் பனிக்கருகல் எனலாம். பனிக்கருகல் ஏற்பட்ட பகுதி சமைத்தாலும் மென்மையடையாது.

பனிக்கட்டி உருகாமலேயே நேராக ஆவியாக மாறும் தன்மை உடையது. இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். பனிக்கட்டிக்கும் ஆவியழுத்தம் உண்டு. வெப்பநிலை குறையக் குறைய அவ்வழுத்தமும் குறையும். −25° செ. குளிரிலுள்ள பனியின் ஆவியழுத்தம், −18° செ. குளிரிலுள்ள பனியின் ஆவியழுத்தத்தில் ஏறத்தாழப் பாதியே. உறைபதனப் பெட்டியில் உணவைக் காட்டிலும் குளிர்க்குழாய்கள் மிகுந்த குளிர்ச்சி உடையவை. ஆகவே, மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நீர் பாய்வது போல, உணவிலிருந்து கிளம்பும் ஆவி குழாயை நாடிச் சென்று அங்கே வெண்பனியாகப் படிகிறது. குழாயின் மேல் திரண்டிருக்கும் பனியில் ஒரு பகுதி, சரியாகப் பொதியப்படாத உணவிலிருந்து பறிக்கப்பட்ட நீரேயாகும்.

இவ்வழியை அடைப்பதே சிப்பத்தின் முதற்கடமை. அதற்கு எத்துணை வலிய தடை தேவை என்பதை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். 38° செ. வெப்பமும் நூற்றுக்கு 90 ஈரப்பதமும் உள்ள சோதனை நிலையில், 25 மைக்ரான் கனமுள்ள சாதாரணப் பாலிதீன் தாளின் ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு நாளில் ஏறத்தாழ 20 கிராம் நீராவி கடந்து செல்லும். −18° செ. குளிரிலுள்ள பனியின் ஆவியழுத்தமோ, அச்சோதனை நிலையிலுள்ள ஆவியழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கை ஒட்டியது. ஆகவே, அதே தாள் உறைபதனப் பெட்டிக்குள் ஒரு நாளில் அரை கிராம் நீராவியைக்கூட விடாது. ஒரு கிலோ கொள்ளும் பையின் பரப்பு, இருபுறமும் சேர்த்து, சதுர மீட்டரில் எட்டில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஆறு மாதம் கிடந்தாலும் தாளின் வழியே அப்பொட்டலம் இழக்கும் நீர் 10 கிராமுக்குள் அடங்கும். தாளின் கனத்தை இரட்டித்தால் இழப்பு பாதியாகும்.

இக்கணக்கு ஓர் அரிய உண்மையைப் புலப்படுத்துகிறது. நீரிழப்பைத் தடுப்பதற்கு மிகச் சாதாரணமான பாலிதீனே போதுமானது. அவ்வாறிருக்க, பாலிதீன் பையில் இட்ட உணவும் சில வேளைகளில் பனிக்கருகலுக்கு ஆளாவது ஏன்?

துளையும் இடைவெளியும்

இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, துளை. ஒட்டுவாயில் விடுபட்ட ஓர் இடமோ, மீன் முள் குத்திய ஓர் ஓட்டையோ இருந்தால், விலையுயர்ந்த தாளும் பயனற்றுப் போகும்.

இரண்டாவது காரணம் பைக்குள் நிற்கும் காற்று. உறைபதனப் பெட்டியின் வெப்பநிலை எப்பொழுதும் ஒரே அளவில் நிற்பதில்லை. கடைக்காரர் மூடியைத் திறக்கும்போதும், மின்சாரம் தடைப்படும்போதும், தானாகவே பனி நீக்கிக்கொள்ளும் வீட்டுப் பெட்டிகள் அவ்வேலையைச் செய்யும்போதும் அது ஏறி இறங்குகிறது. வெப்பம் ஏறும்போது உணவின் மேற்பரப்பிலிருந்து நீராவி கிளம்பிப் பைக்குள் உள்ள வெற்றிடத்தில் கலக்கிறது. மீண்டும் குளிரும்போது உணவைக் காட்டிலும் மெல்லிய தாளே முதலில் குளிர்வதால், அவ்வாவி தாளின் உட்புறத்தில் பனித்தூளாகப் படிகிறது. அது உணவுக்குள் திரும்பச் செல்வதில்லை. நாள்தோறும் இவ்வாறு நிகழ, நீர் பையை விட்டு வெளியேறாமலேயே உணவு வறண்டுவிடுகிறது. பொட்டலத்தின் எடை குறையாதிருக்கும். உணவோ சுவையற்றுப் போயிருக்கும்.

இதனின்றும் பெறப்படும் விதி எளியது. சிப்பம் உணவின் உடலோடு ஒட்டிக்கிடக்க வேண்டும். பையின் அளவை உணவின் அளவுக்கேற்பத் தேர்ந்து, காற்றைக் கையால் அழுத்தி நீக்கி, வாயை முழுமையாக ஒட்டுவது, தாளின் வகையை மாற்றுவதைக் காட்டிலும் மிகுந்த பயன் தரும். கடையில் பொட்டலம் வாங்குவோரும், உள்ளே பனித்தூள் திரளாகக் கிடக்கும் பையைக் கண்டால், அது குளிர் ஏறி இறங்கிய நிலையில் வைக்கப்பட்டிருந்தது என்று அறிந்து ஒதுக்கலாம்.

நீர்மப் பொருள்களுக்கு மட்டும் இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் நூற்றுக்கு 9 பங்கு பெருகும். குழம்பு, பழச்சாறு, தேங்காய்ப்பால் ஆகியவற்றைக் கழுத்துவரை நிரப்பினால் கலம் வெடிக்கும். அவற்றுக்கு மேலே சிறிது இடம் விடுதல் வேண்டும். கண்ணாடிக் கலத்தைத் தவிர்த்தலும் வேண்டும்.

கொழுப்பும் ஆக்ஸிஜனும்

நீராவியைத் திறம்படத் தடுக்கும் பாலிதீன், ஆக்ஸிஜனைத் தடுப்பதில் மிகவும் பின்தங்கியது. 25 மைக்ரான் கனமுள்ள சாதாரணப் பாலிதீன் தாளின் ஒரு சதுர மீட்டர் வழியே, அறை வெப்பநிலையில் ஒரு நாளில் ஏறத்தாழ 7,000 முதல் 8,000 கன சென்டிமீட்டர் ஆக்ஸிஜன் கடந்து செல்லக்கூடும். 12 மைக்ரான் பாலியெஸ்டர் தாளிலோ இவ்வளவு நூற்றை ஒட்டியே நிற்கிறது. நைலான் இன்னும் சிறந்த தடை. அலுமினியப் படலம் துளையின்றி இருக்குமாயின் ஏறக்குறைய முற்றிலும் தடுக்கும்.

ஆக்ஸிஜன் எல்லா உணவையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. இறாலின் சதையில் கொழுப்பு நூற்றுக்கு ஒன்றை ஒட்டியே இருக்கும். கேரளக் கரையில் மிகுதியாகக் கிடைக்கும் மத்தி எனப்படும் நெய்ச்சாளையிலோ, கொழுத்த பருவத்தில் அது நூற்றுக்குப் பத்தையும் கடந்துவிடும். அன்றியும், மீன் கொழுப்பு செறிவுறாத வகையைச் சேர்ந்ததாதலால் ஆக்ஸிஜனோடு எளிதில் சேர்ந்து காறல் வாடையையும் மஞ்சள் நிறத்தையும் அடைகிறது. −18° செ. குளிரில் கொழுப்பு குறைந்த மீன் எட்டொன்பது மாதம் தரம் குன்றாதிருக்க, கொழுப்பு மிக்க மீன் நான்கைந்து மாதமே தாங்குவதற்கு இதுவே காரணம்.

ஆகவே, மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களுக்கு வெறும் பாலிதீன் பை போதாது. நைலானையோ பாலியெஸ்டரையோ பாலிதீனோடு இணைத்துச் செய்த பல அடுக்குத் தாளில் இட்டு, காற்றை நீக்கி மூடுதல் வேண்டும். இவ்விணைப்பில் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வேலை உண்டு. வெளி அடுக்கு ஆக்ஸிஜனையும் கிழிசலையும் தடுக்கிறது. உள்ளடுக்காகிய பாலிதீன் நீராவியைத் தடுப்பதோடு, ஏறத்தாழ 110° செ. வெப்பத்தில் இளகித் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு பையின் வாயை மூடுகிறது.

குளிரில் நொறுங்கும் தாள்

சாலைக் கடைவீதி போன்ற இடங்களில் பைகளை எடைக்கு விற்கும் கடைகளில் இரு வகைகள் மிகுதியாகக் கிடைக்கும். தொட்டால் மென்மையாகவும் சற்றே பால் நிறமாகவும் இருப்பது பாலிதீன். இதனை வணிகர் எல்.டி. பை என்பர். கண்ணாடி போலத் தெளிந்து, கசக்கினால் சரசரவென ஒலிப்பது பாலிப்புரொப்பிலீன்; இது பி.பி. பை எனப்படும். உள்ளே இருக்கும் பண்டத்தை அழகாகக் காட்டுவதால் புதிதாகத் தொழில் தொடங்குவோர் பி.பி. பையையே நாடுகின்றனர்.

இங்கேதான் பிழை நேர்கிறது. ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்குக் கீழே தன் நெகிழ்ச்சியை இழந்து கண்ணாடி போல் ஆகிவிடும். பாலிதீனுக்கு அவ்வெப்பநிலை −100° செ. அளவுக்கும் கீழே உள்ளது. ஆகவே, எந்த உறைபதனப் பெட்டியிலும் அது மென்மை குன்றாது. சாதாரணப் பாலிப்புரொப்பிலீனுக்கோ அது பூஜ்யத்தை ஒட்டியே அமைந்துள்ளது. மிட்டாய்க்கும் முறுக்குக்கும் சிறந்து விளங்கும் பி.பி. பை, −18° செ. குளிரில் கீழே விழுந்தால் மடிப்புகளில் வெடித்துவிடுவது இதனால்தான். இருபுறமும் நீட்டி இழுத்துச் செய்த பாலிப்புரொப்பிலீன் தாளும், குளிருக்கென்றே கலப்பு முறையில் செய்த பாலிப்புரொப்பிலீன் கிண்ணங்களும் இக்குறையினின்றும் பெரிதும் நீங்கியவை. ஆகவே, பை வாங்கும்போது பிளாஸ்டிக்கின் பெயரை மட்டுமன்றி, அது உறைபதனத்திற்கு உரிய வகையா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். கனத்தைக் கேஜ் கணக்கில் சொல்வது கடை வழக்கம். 100 கேஜ் என்பது 25 மைக்ரான் ஆகும்.

இறால் வாணிபம் கற்பித்த பாடம்

சிப்பத்தின் அருமையைக் கேரளம் ஏட்டில் கற்கவில்லை. இறாலை விற்றுக் கற்றது. 1952ஆம் ஆண்டு அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை, இந்தியா, நார்வே ஆகிய முத்தரப்பும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இந்திய நார்வேத் திட்டம் அடுத்த ஆண்டு கொல்லத்திற்கு வடக்கே நீண்டகரை, சக்திகுளங்கரை ஆகிய மீனவர் ஊர்களில் தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவ்வூர்களில், இயந்திரப் படகுகளோடு ஐஸ் தொழிற்சாலையும் உறைபதனச் சாலையும் எழுந்தன. அதே 1953ஆம் ஆண்டில் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் முதன்முறையாக அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. உள்ளூரில் மலிவாக விலைபோன இறால், அன்னியச் செலாவணி ஈட்டும் பண்டமாயிற்று.

கடல் கடந்து செல்லும் இறாலுக்கு உருவான சிப்பம் மூன்று அடுக்குகளைக் கொண்டது. கழுவித் தரம் பிரித்த இறாலைத் தட்டில் பரப்பி, குளிர்ந்த நீர் ஊற்றி, −35° முதல் −40° செ. வரையுள்ள உலோகத் தகடுகளுக்கு இடையே வைத்துக் கட்டியாக உறைய வைப்பர். கட்டியின் மேல் நீரைத் தெளித்தோ, கட்டியை நீரில் தோய்த்தோ மெல்லிய பனிப்பூச்சு ஏற்றுவர். பின்னர் பாலிதீன் தாளில் சுற்றி, டூப்ளெக்ஸ் எனப்படும் அட்டைப்பெட்டியில் இடுவர். 2 கிலோ எடையுள்ள இத்தகைய பெட்டிகள் பத்தினை ஒரு பெரிய நெளி அட்டைப் பெட்டிக்குள் அடுக்கி, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டுவர்.

இம்முறையில் நீரே முதற்சிப்பமாக அமைவது நுட்பமானது. கட்டியைச் சூழ்ந்த பனி, காற்று இறாலைத் தீண்டாதவாறு தடுக்கிறது. ஆவியாக வேண்டியிருப்பினும் பனிப்பூச்சே முதலில் ஆவியாகும்; அது தீரும் வரை இறாலுக்கு இழப்பில்லை. விலையில்லாத இம்மேற்பூச்சுக்கு நிகரான காவல் வேறில்லை. ஆயினும், மேற்பூச்சின் எடையை இறாலின் எடையாகக் கணக்கிடுதல் முறையன்று. பனிப்பூச்சு நீங்கலாக உள்ள எடையே நிகர எடை என்பது உலக நாடுகளின் பொது விதி. பொட்டலத்தைத் திறந்து, குளிர்ந்த நீரை மெல்லத் தெளித்து, மேற்பனி நீங்கியவுடன் வடித்து நிறுத்துப் பார்ப்பதன் மூலம் களப்பணியாளர் இதனைச் சரிபார்க்கலாம்.

வெளிப்பெட்டியின் வேலை வேறு. அது நீராவிக்கோ ஆக்ஸிஜனுக்கோ தடையன்று. சுமையைத் தாங்குவதே அதன் கடமை. 30° செ. வெப்பமும் நூற்றுக்கு 80 ஈரப்பதமும் உள்ள காற்றில், 26° செ. அளவுக்குக் கீழே குளிர்ந்த எப்பொருளின் மேலும் பனித்துளி படியும். மலையாளக் கரையின் காற்று பெரும்பாலும் இத்தகையது. குளிரறையிலிருந்து வெளியே எடுத்த அட்டைப்பெட்டி சில நிமிடங்களில் நனைந்துவிடுகிறது. நனைந்த காகித அட்டை தன் வலிமையில் பாதிக்கு மேல் இழக்கக்கூடும். அடுக்கின் அடியிலுள்ள பெட்டிகள் நசுங்கும். இதனாலேயே ஐந்தடுக்கு, ஏழடுக்கு நெளி அட்டைகளும், மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசிய அட்டைகளும் வழக்கில் வந்தன. 1957இல் கொச்சியில் நிறுவப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் மீன் பொருள்களுக்கான சிப்பங்களை ஆராய்ந்து வந்துள்ளது. 1966இல் மும்பையில் தோன்றிய இந்தியச் சிப்பவியல் நிலையம் எல்லாப் பண்டங்களுக்குமான சிப்பங்களில் பயிற்சியும் சோதனையும் அளித்து வருகிறது.

இவ்வளவு கவனத்திற்கும் உரிய பொருள் எத்துணைப் பெரிது என்பதற்கு ஒரு புள்ளிவிவரம் போதும். 2023-24ஆம் ஆண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவு ஏறத்தாழ 17.8 இலட்சம் டன். அதன் மதிப்பு ஏறத்தாழ 60,500 கோடி ரூபாய். இதில் உறைய வைத்த இறால் மட்டும் ஏறத்தாழ 7.16 இலட்சம் டன். மதிப்பு 40,000 கோடி ரூபாய்.

பண்டத்திற்கேற்ற தேர்வு

மேலே கண்ட விதிகளை நகர அங்காடியின் சரக்குகளுக்குப் பொருத்திப் பார்த்தல் பயன் தரும்.

மரவள்ளிக் கிழங்கு தோண்டியெடுத்த இரண்டு மூன்று நாட்களிலேயே உள்ளே நீலக்கோடு ஓடிக் கெடும் இயல்புடையது. தோலுரித்து உறைய வைத்தால் அது வளைகுடா நாடுகளையும் ஐரோப்பாவையும் சென்றடைகிறது. இக்கிழங்கில் கொழுப்பு மிகக் குறைவு. ஆகவே, ஆக்ஸிஜன் தடையுள்ள தாள் இதற்கு வேண்டுவதில்லை. கனமான பாலிதீன் பையே போதும்.

தேங்காய்த் துருவலில் கொழுப்பு நிறைந்திருந்தாலும், அது பெரும்பாலும் செறிவுற்ற வகையாதலால் மீன் கொழுப்பைப் போல் விரைந்து காறாது. ஆனால் அண்டையிலுள்ள பொருளின் வாடையை அது எளிதில் ஏற்றுக்கொள்ளும். பையில் இட்டுப் பலகை போலத் தட்டையாக அழுத்தி மூடினால் காற்றும் நீங்கும். விரைவில் உறையவும் செய்யும். மீனோடு ஒரே பெட்டியில் வைக்காதிருத்தல் நலம்.

பரோட்டா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும், விளிம்பு வறண்டு உடைவதுமே அதன் குறைகள். இடையிடையே மெல்லிய பாலிதீன் வட்டங்களை வைத்து, அடுக்கின் அளவுக்குப் பொருந்தும் பையில் இடுவது இவ்விரு குறைகளையும் நீக்கும்.

தலை நீக்காத இறாலுக்குக் கூரிய கொம்பும், நண்டுக்குக் கொடுக்கும் உண்டு. இவற்றுக்கு மெல்லிய பை ஆகாது. குத்துதலைத் தாங்கும் நைலான் கலந்த தாளோ, உள்ளே பாலிதீன் விரித்த அட்டைப்பெட்டியோ வேண்டும். ஒவ்வொன்றாகத் தனித்தனியே உறைய வைத்த இறாலுக்குக் கட்டி இறாலைக் காட்டிலும் வெளிப்பரப்பு மிகுதி. ஆகவே, பனிப்பூச்சிலும் ஒட்டுவாயிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

பாதுகாப்பும் சட்டமும்

காற்று நீக்கிய சிப்பம் கொழுப்பைக் காப்பது உண்மையே. எனினும், அதனுள் ஓர் அபாயம் மறைந்துள்ளது. கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிர் ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்குவது. மீனோடு தொடர்புடைய அதன் ‘ஈ’ வகை 3.3° செ. குளிரிலும் வளர வல்லது. −18° செ. குளிரில் அது வளராது; ஆயினும் அதன் வித்துக்கள் சாவதில்லை. ஆகவே, காற்று நீக்கிய பையிலுள்ள உறைந்த மீனைப் பனி நீக்குமுன் பையைக் கத்தரித்துத் திறந்துவிட வேண்டும். அறை வெப்பத்தில் மூடிய பையிலேயே உருக விடுதல் ஆகாது. பைக்குள் காற்று புகுந்தால் மீன் கெடும் என்று எண்ணி இதனைப் பலர் மாற்றிச் செய்கின்றனர். இல்லந்தோறும் தெரிவிக்கத்தக்க செய்தி இது.

உணவைத் தொடும் பொருள்களுக்கு இந்தியாவில் சட்ட வரம்பு உண்டு. 2018ஆம் ஆண்டின் உணவுச் சிப்ப விதிமுறைகள், உணவைச் செய்தித்தாளில் சுற்றுவதைத் தடை செய்கின்றன. அச்சு மையிலுள்ள பொருள்கள் உணவில் ஏறுவதே காரணம். உணவோடு தொடர்பு கொள்ளும் பாலிதீனுக்கு இந்தியத் தர நிர்ணயம் 10146 வகுக்கப்பட்டுள்ளது. பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்கக்கூடிய பொருள்களின் மொத்த அளவு, ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டலாகாது. கடையில் இலவசமாகக் கிடைக்கும் வண்ணப் பைகள் இவ்வரம்புகளுக்கு உட்பட்டுச் செய்யப்பட்டவை என்று கொள்வதற்கில்லை. அவற்றில் மீனை இட்டு உறைய வைத்தல் தவிர்க்கத்தக்கது.

சிப்பத்தின் இறுதி நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாலிதீன் மட்டுமே கொண்ட பையைத் தூய்மை செய்து மறுபடியும் உருக்கிப் பயன்படுத்த இயலும். பல பொருள்களை ஒட்டிச் செய்த அடுக்குத் தாளைப் பிரிப்பது அரிது. அது பெரும்பாலும் குப்பையாகவே எஞ்சும். ஆகவே, பாலிதீன் போதுமான இடத்தில் அடுக்குத் தாளைப் பயன்படுத்துவது பணத்திற்கு மட்டுமன்றி ஊருக்கும் கேடாகும்.

செய்து காணத்தக்க சோதனைகள்

பள்ளியிலும் பயிற்சி வகுப்பிலும் சிறு தராசும் ஓர் உறைபதனப் பெட்டியும் இருந்தால் பின்வரும் சோதனைகளைச் செய்யலாம்.

முதலாவது, நீரிழப்பு. ஒரே எடையுள்ள மூன்று மீன் துண்டுகளையோ பூசணித் துண்டுகளையோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைத் திறந்த தட்டிலும், ஒன்றைக் காற்று நிறைந்த பையிலும், ஒன்றைக் காற்று நீக்கி ஒட்டிய பையிலும் வைத்து, வாரம் ஒரு முறையாக நான்கு வாரம் நிறுக்க வேண்டும். இறுதியில் பையைத் திறந்து, உட்புறப் பனித்தூளை உதறிவிட்டுத் துண்டை மட்டும் நிறுத்தால், துளையும் இடைவெளியும் செய்யும் கேட்டினை மாணவர் தாமே காண்பர்.

இரண்டாவது, ஒட்டுவாய். வெறும் பையில் காற்றை அடைத்து ஒட்டி, நீருக்குள் அமிழ்த்தி மெல்ல அழுத்த வேண்டும். குமிழி எழும் இடமே கசிவு. ஒட்டும் கருவியின் வெப்பத்தையும் அழுத்தும் நேரத்தையும் இதனைக் கொண்டு சரிசெய்யலாம். ஒட்டும் இடத்தில் ஈரமோ எண்ணெயோ துருவலோ படிந்திருப்பின் ஒட்டு நிற்காது.

மூன்றாவது, குளிரைத் தாங்கும் வன்மை. ஒரே கனமுள்ள எல்.டி. பையிலும் பி.பி. பையிலும் பனிக்கட்டித் துண்டுகளை நிரப்பி ஓரிரவு உறைபதனப் பெட்டியில் வைத்து, எடுத்தவுடன் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழச் செய்ய வேண்டும். பத்துப் பைகளில் எத்தனை வெடித்தன என்று குறித்தால் தேர்வு தானே முடிவாகும்.

நான்காவது, குளிர் தடைப்பட்டதா என்பது. சிறிய பிளாஸ்டிக் புட்டியில் பாதி நீர் நிரப்பி, நேராக நிறுத்தி உறைய வைத்து, பின்னர் தலைகீழாகத் திருப்பிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். பனிக்கட்டி அடிப்பாகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் குளிர் நிலைத்திருந்தது எனலாம். மூடிப்பக்கம் இறங்கி உறைந்திருந்தால், இடையில் உருகி மீண்டும் உறைந்துள்ளது என்பது தெளிவு. மின்தடைக்குப் பிறகு கடையையோ பள்ளி உணவுக் கிடங்கையோ பார்வையிடுவோருக்கு இப்புட்டி நம்பத்தக்க சாட்சியாகும்.

சிப்பம் உணவின் தரத்தை உயர்த்துவதில்லை. இருக்கும் தரத்தைக் காப்பதொன்றே அதனால் இயலும். பழைய மீனைப் பல அடுக்குப் பையில் இட்டாலும் அது புதிய மீன் ஆகாது. குளிர் நிலைக்காத பெட்டியில் எந்தப் பையும் பயன்படாது. நல்ல சரக்கு, விரைந்த உறைபதனம், நிலையான குளிர் ஆகிய மூன்றும் அமைந்த பின்னரே சிப்பத்தின் பணி தொடங்குகிறது. அப்பொழுதும், இறாலுக்குப் பனிப்பூச்சு, மத்திக்கு ஆக்ஸிஜன் தடை, மரவள்ளிக்குப் பாலிதீன், நண்டுக்குக் குத்துதல் தாங்கும் தாள் என, அந்தந்த உணவு இழப்பது எதுவோ அதனைக் கொண்டே தேர்வு செய்தல் வேண்டும். புதிய பை ஒன்றை வாங்கும் முன், அப்பண்டத்தில் பத்துப் பொட்டலம் கட்டி, ஒரு மாதம் வைத்துத் திறந்து பார்ப்பது எந்த விளம்பரத்தைக் காட்டிலும் சரியான விடையைத் தரும்.